படிவம் வாசிக்காத வீடுகளில் குடும்பக் கணக்கெடுப்பு: புதிதாக இறங்குபவர்களுக்கு

கோலாலம்பூரில் கோயில் இளைஞர் பிரிவு, பல்கலைக்கழக மாணவர் குழு, சின்னச் சின்ன சமூக அமைப்புகள் என்று பலரும் அவ்வப்போது "நம்ம வட்டாரத்துல எத்தனை குடும்பம், என்ன நிலைமைன்னு ஒரு கணக்கு எடுப்போம்" என்று கிளம்புகிறார்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் கூகுள் ஃபார்மில் நாற்பது கேள்விகளைத் தட்டுவார். இணைப்பு வாட்ஸ்அப்பில் சுற்றும். படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து மட்டும் பதில் வரும். யாரை நினைத்து வேலையைத் தொடங்கினோமோ அவர்கள் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார்கள்.

அரசாங்கக் கணக்கெடுப்புதான் இருக்கிறதே என்று கேட்கலாம். 1970, 1980, 1991, 2000, 2010, 2020 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை நாடு முழுக்க எடுக்கிறார்கள். ஆனால் உங்கள் புளோக்கில் தனியாக இருக்கும் பாட்டிகள் எத்தனை பேர், பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்குப் போகாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பதை அதில் தேட முடியாது. அதற்கு நீங்கள்தான் படி ஏற வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொன்னால் ஒரே மாதிரி ஆட்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் ஆயாக் கொட்டகையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்ட பாட்டி ஒருவர். மூன்றாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்து, தமிழ்ப் பத்திரிகையை நன்றாக வாசித்து, மலாய்ப் படிவத்தைப் பார்த்ததும் மகனிடம் நீட்டும் அம்மா ஒருவர். மலாய் சரளமாகப் பேசி, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த லோரி ஓட்டுநர் ஒருவர். இவர்கள் யாரிடமும் கணக்கு இல்லாமல் இல்லை. ஆண்டும் தேதியும்தான் இருக்காது. எந்தப் பிரசவம் எந்தத் தோட்டத்தில், எந்தத் தோட்டத்தை விட்டு எப்போது பட்டணத்துக்கு வந்தது, அப்போது யார் உயிரோடு இருந்தது என்ற வரிசை பிசகாமல் இருக்கும். நம் கேள்விகளை அந்த வரிசைக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் இந்த வேலையின் பாதி.

முதலில் கேள்விகளை வெட்டுங்கள்

ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே "இந்தப் பதிலை வைத்து என்ன செய்யப் போகிறோம்?" என்று எழுதுங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். டியூஷன் வகுப்பு தொடங்கத்தான் கணக்கெடுக்கிறோம் என்றால் வீட்டில் ஐஸ்பெட்டி இருக்கிறதா என்பது உங்களுக்கு எதற்கு? இருபது நிமிடத்தில் முடியும் கேள்வித்தாள் போதும். சாதியைக் கேட்காதீர்கள். "ஆய்வுக்கு உதவும்" என்று யாராவது சொன்னாலும் வேண்டாம், அது ஒரு பயனையும் தராமல் கதவைத்தான் மூட வைக்கும். வீட்டில் பேசும் மொழியைக் கேளுங்கள், அது பயன்படும். தெலுங்கும் மலையாளமும் பேசும் வீடுகளும் உங்கள் பட்டியலில் நிச்சயம் இருக்கும்.

மிஞ்சிய கேள்விகளைப் பேசும் தமிழில் எழுதுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். "தங்களின் திருமண நிலை யாது?" என்று தாளில் இருந்தால், தொண்டர் ஒவ்வொருவரும் வாசலில் நின்று தனக்குத் தோன்றிய மாதிரி அதை மாற்றிக் கேட்பார். பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் பதில்களை ஒன்றாகக் கூட்ட முடியாது. "வீட்டுக்காரர் கூட இருக்காரா?" என்று கேட்கப் போகிறோம் என்றால் தாளிலும் அப்படியே இருக்கட்டும். நீளமான விடைப்பட்டியலும் உதவாது. காதால் கேட்பவருக்கு முதல் ஒன்றும் கடைசி ஒன்றும்தான் நினைவில் நிற்கும். மூன்று நான்கு விடைகளுக்கு மேல் போனால் கேள்வியைத் திறந்தபடி கேட்டுவிட்டு, நீங்களே பொருத்தமான கட்டத்தில் குறியுங்கள்.

கைப்பேசியில் பதிவு செய்ய கோபோ டூல்பாக்ஸ் நல்ல கருவி. இலவசம். தமிழ் எழுத்தில் கேள்விகளைப் போடலாம். இணையம் இல்லாமலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வேலை செய்யும், சிக்னல் கிடைத்த பிறகு அனுப்பிவிடலாம். ஆனால் புதியவர்கள் முதல் சில வீடுகளைத் தாளில் செய்வதே நல்லது என்பது என் எண்ணம். கைப்பேசி பெரும்பாலும் ஒவ்வொரு கேள்வியாகத்தான் காட்டும், பாட்டியின் பேச்சு அந்த வரிசையில் வராது.

போகும் முன்

குடியிருப்பாளர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் காவல் குழு), புளோக்குக்குப் பக்கத்துக் கோயில் தலைவர் ஆகிய மூவரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். அனுமதிக்காகவும்தான், அதைவிட "யார் வந்திருக்கா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்கும்போது பதில் சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காக. துண்டறிக்கை அடித்து ஒட்டுவது வீண்செலவு. கோயில் தலைவரையோ சங்கச் செயலாளரையோ ஒரு நிமிடக் குரல் பதிவு பேசச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வாசிக்காதவர்களும் குரல் பதிவைக் கேட்பார்கள், மற்றவர்களுக்கும் அனுப்புவார்கள்.

அதே தலைவர் "நம்ம ஆளுங்க பட்டியல் என்கிட்டயே இருக்கு" என்று ஒரு தாளை நீட்டுவார். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டாதவர், புதிதாக வந்தவர், தலைவரோடு பேச்சு இல்லாதவர் அதில் இருக்க மாட்டார்கள். உங்கள் கணக்கு தேடிப் போக வேண்டியதே அவர்களைத்தான்.

கதவு எண்களை நீங்களே எழுதுங்கள். மாடி மாடியாக நடந்து ஒவ்வொரு கதவையும் குறியுங்கள்: ஆள் இருக்கும் வீடு, பூட்டிய வீடு, காலி வீடு. எல்லா வீடுகளுக்கும் போக ஆள்பலம் இல்லை என்றால் ஐந்தாவது கதவு, பத்தாவது கதவு என்று ஒரே இடைவெளியில் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் கதவாகப் பார்த்து நுழையக் கூடாது. அப்படிச் செய்தால் வேலைக்குப் போகும் குடும்பங்கள் எல்லாம் விடுபட்டு, வீட்டில் இருப்பவர்களின் கணக்கு மட்டும் மிஞ்சும். பூட்டிய வீட்டுக்கு வேறு நாளில், வேறு நேரத்தில் போங்கள். பக்கத்து வீட்டை அதற்குப் பதிலாகச் சேர்க்காதீர்கள். லிஃப்ட் கெட்டுப்போகும் நாட்களில் மேல்மாடிகளைத் தள்ளிப்போட மனம் சொல்லும். கீழே இறங்க முடியாத முதியவர்கள் இருப்பது அங்கேதான்.

நேரம்: வார நாட்களில் மாலை ஐந்தரைக்கு மேல், இல்லையென்றால் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிறகு. தைப்பூசம், தீபாவளி வாரங்கள் வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் கதவு தட்டாதீர்கள்.

கம்பிக் கதவுக்கு வெளியே

அடுக்குமாடியில் முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டினால் மனதில் வருவது மூன்று பேர். கடனைக் கேட்க வந்த வட்டி முதலை, ஏமாற்றுக் கும்பல், மாநகர் மன்ற ஆள். மூன்றாவதுதான் உங்கள் கணக்கை அதிகம் கெடுப்பது. பிபிஆர் வீட்டின் (மாநகர் மன்றம் வாடகைக்கு விடும் மலிவு அடுக்குமாடி வீட்டின்) வாடகை மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்). ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும். தங்கை குடும்பம் ஓர் அறையில் இருந்தாலோ, வீட்டையே வேறு ஒருவருக்கு விட்டிருந்தாலோ, "எத்தனை பேர் இருக்கீங்க?" என்ற கேள்வி அவர்கள் காதில் சோதனையாகத்தான் விழும். நான்கு பேர் என்பார்கள். வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு கிடக்கும்.

ஆகவே நீங்கள் யார் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இப்படி:

"வணக்கம்மா, பசியாறிட்டீங்களா? என் பேரு இது. கோயில்ல தலைவர் குரல் பதிவு போட்டிருந்தாரே, அந்தக் கணக்குக்கு வந்திருக்கோம். நாங்க மாநகர் மன்றம் இல்லை, வாடகை விஷயம் இல்லை, எதுவும் விக்க வரலை. ஐசி நம்பர் எழுதிக்க மாட்டோம், படம் எடுக்க மாட்டோம். இந்த புளோக்குல படிக்கிற பிள்ளைங்க, வயசானவங்க எத்தனை பேருன்னு தெரிஞ்சா வகுப்பும் மருத்துவ முகாமும் போடலாம்னு பாக்குறோம். இருபது நிமிஷம் ஆகும். வேண்டாம்னா சொல்லுங்க, தப்பே இல்லை. பிடிக்காத கேள்விய விட்டுடலாம்."

இதைத் தாளில் அச்சடித்துக் கையெழுத்து வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. வாசிக்க முடியாத தாளில் கைநாட்டு வைக்கச் சொல்வது சம்மதம் ஆகாது. தோட்டத்தில் அப்படிக் கைநாட்டு வைத்து எதை எதையோ இழந்த கதை பல வீடுகளில் உண்டு. வாய்மொழியாகச் சொல்லி, அவர் சொன்ன பதிலை நீங்கள் குறித்து, கூட வந்த தொண்டர் சாட்சியாகக் கையெழுத்திட்டால் போதும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிகப் பரிவர்த்தனைகளைப் பற்றியது. அதில் சொல்லப்படும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் அமைப்பு அப்படி ஓர் அறிவிப்பை வைத்திருந்தால் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும் கடமையும் உங்களுக்கு உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்கு இவ்வளவு அரிசி என்று எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். உதவிப் பொருள் கொடுப்பதாக இருந்தால் கணக்கு முடிந்த பிறகு, பதில் சொல்லாத வீட்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். மைலோ கொடுத்தால் குடியுங்கள். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள், நீங்கள் எழுதுவது அவர் கண்ணில் படட்டும்.

யார் யார் இந்த வீட்டில்

தலையை எண்ணுவது சுலபம் என்று நினைத்தால் தப்பு. "ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறவங்க யார் யார்?" என்று தொடங்குங்கள். ஒரு வீட்டுக்குள் இரண்டு சமையல் நடந்தால் அது இரண்டு குடும்பம், இரண்டு தாள். சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு மாதம் ஒருமுறை வரும் மகன், விடுதியில் இருக்கும் மகள், ஆறு வாரமாக மகள் வீட்டில் தங்கியிருக்கும் பாட்டி ஆகியோரைச் சேர்ப்பதா விடுவதா என்ற விதியை முதல் நாளே குழுவில் முடிவு செய்யுங்கள். ஆறு மாதம் இங்கே தங்கியவர் அல்லது தங்கப் போகிறவர் என்பது வழக்கமான அளவு. எந்த விதியாக இருந்தாலும் எல்லாரும் அதையே பிடிக்க வேண்டும்.

வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். முடிந்ததும் விடுபட்டவர்களைப் பெயர் சொல்லாமல் தேடுங்கள்: "கைக்குழந்தை ஏதும் இருக்கா? ராத்திரி ஷிஃப்டுக்குப் போயிட்டுப் பகல்ல தூங்குறவங்க இருக்காங்களா? உறவு இல்லாம கூட வந்து தங்கியிருக்கிறவங்க?" கைக்குழந்தைகள் எப்போதும் விடுபடும், கேட்டவர் 'ஆட்கள்' என்று கேட்டதால். சிறையிலோ மறுவாழ்வு மையத்திலோ இருக்கும் மகனைப் பற்றிச் சொல்லத் தயங்குவார்கள். "வெளியில இருக்கான்" என்றால் அப்படியே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பெயரில் மெனக்கெடாதீர்கள். ஐசியில் (அடையாள அட்டையில்) ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், அதிலும் ஐசி பெயரின் எழுத்துக்கூட்டல் பதிவிலாகாவில் இருந்தவர் காதில் விழுந்த மாதிரி இருக்கும். வீட்டுப் பெயரை மட்டும் எழுதி, மற்றதற்கு வீட்டு எண்ணோடு ஒரு குறியீடு கொடுங்கள்.

வயது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "உங்க வயசு என்ன பாட்டி?" என்று கேட்டால் "எழுபது இருக்கும்" என்பார். அடுத்த வீட்டிலும் எழுபது. அதற்கடுத்த வீட்டில் எழுபத்தைந்து. சரியான வயது தெரியாத இடங்களில் பதில்கள் 0, 5 ஆகிய இலக்கங்களில் வந்து குவியும். உலகம் முழுக்க மக்கள் தொகைக் கணக்கெடுப்பவர்களுக்குப் பழகிய சிக்கல் இது.

ஐசி இருந்தால் அவரையே எடுத்து முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எண் தெரியாதவர் என்றால் அட்டையை அவர் கையில் வைத்தபடியே காட்டச் சொல்லுங்கள். 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம்: 14 என்றால் கோலாலம்பூர், 10 சிலாங்கூர், 08 பேராக், 07 பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். உங்களுக்கு வேண்டியது பிறந்த ஆண்டு மட்டும். முழு எண்ணை எழுதாதீர்கள்.

ஐசியில் இருப்பதே சரி என்றும் நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் அடையாள அட்டைப் பதிவு தொடங்கியது 1948-இல், அவசரகாலத்தின்போது (கம்யூனிஸ்டு கிளர்ச்சிக் காலம்). பிறப்புப் பத்திரம் இல்லாத பெரியவர்களுக்கு அட்டையில் ஏறிய வயது, குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கலாம். "ஐசில மூணு வயசு கம்மியா போட்டுட்டாங்க" என்று சொல்பவரோடு வாதாட வேண்டாம். இரண்டு ஆண்டுகளையும் எழுதுங்கள்.

அடுத்தது சாதகம். பழைய நோட்டுப் புத்தகத்தில் சாதகம் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அதில் ஆங்கில ஆண்டு இருக்காது, "விஜய வருஷம், தை மாதம்" என்று இருக்கும். தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுற்றி வருபவை என்பதால் ஒரு சின்ன அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்திப 1945, சர்வசித்து 1947, விரோதி 1949, கர 1951, விஜய 1953, மன்மத 1955, ஹேவிளம்பி 1957 ஏப்ரலில் தொடங்கியவை. இடையில் இருப்பவற்றைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: ஆண்டு சித்திரையில் தொடங்குகிறது. விஜய வருஷத்துக் கார்த்திகை 1953-இல் வரும், அதே விஜய வருஷத்துத் தை 1954-இல் வரும்.

ஐசியும் சாதகமும் கைகொடுக்காத இடத்தில் சம்பவங்களைக் கேளுங்கள். இந்தப் பட்டியலை அச்சடித்து அட்டையில் ஒட்டிக்கொண்டு போங்கள்:

ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் வந்தது 1942 ஜனவரி, போனது 1945.
அவசரகாலம் 1948 முதல் 1960 வரை.
மெர்டேகா (நாட்டின் சுதந்திரம்) 1957 ஆகஸ்ட் 31.
மலேசியா உருவானது 1963 செப்டம்பர், சிங்கப்பூர் பிரிந்தது 1965 ஆகஸ்ட்.
மே 13 இனக் கலவரம் 1969. குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் வேலை பர்மிட் பிரச்சினையில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதும் அதையொட்டிய ஆண்டுகளில்தான்.
கோலாலம்பூர் பெருவெள்ளம் 1971 ஜனவரி.
இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர், எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர்.
ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிந்தது 1993 டிசம்பர்.
சுனாமி 2004 டிசம்பர். பத்துமலை முருகன் சிலை திறப்பு 2006 ஜனவரி.
எம்சிஓ (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) தொடங்கியது 2020 மார்ச்.

எப்படிப் பயன்படுத்துவது? ஒரு பாட்டி, "ஜப்பான்காரன் வந்தப்ப நான் இடுப்புக் குழந்தைன்னு எங்கம்மா சொல்வாங்க" என்கிறார். 1940 அல்லது 1941 என்று மனதில் வையுங்கள், எழுதாதீர்கள். "மெர்டேகா அப்ப பால்மரம் வெட்டப் போயிட்டீங்களா?" என்று அடுத்த கேள்வி. "போயிட்டேன், விடிகாலைல பெரட்டுக்கு நின்னாத்தான் பேர் விழும், அப்பதான் வயசுக்கு வந்து ரெண்டு வருஷம்" என்றால் (பெரட்டு என்பது தோட்டத்தில் விடிகாலையில் எடுக்கும் ஆள்கணக்கு) பதினாறை ஒட்டி இருந்திருப்பார். பொருந்துகிறது. "மூத்த மகன் பிறந்தது கலவரத்துக்கு முன்னாலயா?" என்று மூன்றாவது கேள்வி. மகனின் ஐசி ஆண்டு 60 என்றால் அப்போது அவருக்குப் பத்தொன்பதோ இருபதோ. மூன்று சம்பவங்கள் ஒரே பக்கம் கை காட்டினால் 1941 என்று எழுதலாம். ஒன்று மட்டும் முரண்பட்டால், கூடப் பிறந்தவர்களின் வரிசையைக் கேளுங்கள். தம்பிக்கு ஐசி இருந்தால் அதிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு வரலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு எம்சிஓ ஒன்றே போதும். "பூட்டிப் போட்டிருந்தப்ப வயித்துல இருந்தானா, தவழ்ந்தானா, நடந்தானா?" என்று கேளுங்கள்.

படிவத்தில் வயதுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்: இந்த ஆண்டு எப்படித் தெரிந்தது? அட்டை, சாதகம், சம்பவம், ஊகம். பின்னால் கணக்குப் போடுபவர் உங்களை வாழ்த்துவார்.

படிப்பு

"எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டால் வெட்கத்தில் "தெரியும்" என்றோ, "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்றோ வரும். இரண்டுமே உதவாது. ஒரு சின்ன வாக்கியம் எழுதிய அட்டைகளைக் கொண்டுபோங்கள், தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. "இத வாசிக்க முடிஞ்சா வாசிச்சுக் காட்டுங்க, கண்ணாடி வேணும்னா போட்டுக்குங்க." முழுதாக வாசித்தார், பாதி வாசித்தார், முடியவில்லை என்று மூன்று கட்டம். இரண்டு மொழிகளையும் தனித்தனியாகக் குறியுங்கள். தமிழ் மட்டும் வாசிப்பவரையும் எதுவுமே வாசிக்காதவரையும் ஒரே கட்டத்தில் போட்டால், தமிழில் அச்சடித்த தாள் யாருக்குப் போதும் என்று கடைசியில் தெரியாது. பேரப்பிள்ளைகள் முன்னால் இந்த அட்டையை நீட்டாதீர்கள்.

எந்த வகுப்பு வரை என்பதை ஆண்டுக்கணக்கில் கேட்க வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துவிட்டுப் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தவர்கள் "ஏழு வருஷம் படிச்சேன்" என்பார்கள், படிவம் ஒன்றை (இடைநிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டை) தொட்டிருக்க மாட்டார்கள். கடைசியாக உட்கார்ந்த வகுப்பின் பெயரைக் கேளுங்கள். எஸ்.ஆர்.பி. எழுதினேன் என்றால் மூன்றாம் படிவம். அந்தத் தேர்வு 1993-இல் பி.எம்.ஆர். ஆனது.

பிள்ளைப்பேறு

இதைப் பெண் தொண்டர் கேட்க வேண்டும், வீட்டுக்காரரும் மாமியாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில். அடுக்குமாடி நடைபாதையில் தனிமை கிடைப்பது அரிது, சமையலறைதான் வழி. கிடைக்கவில்லை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு வாருங்கள்.

"எத்தனை பிள்ளைங்க?" என்றால் இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று பிரித்து, இதே வீட்டில் இருப்பவர்கள், வெளியே இருப்பவர்கள், பிறந்து தவறியவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். புளியங்கொட்டையோ தீக்குச்சியோ கொடுத்து மூத்ததிலிருந்து வரிசையாக வைக்கச் சொன்னால் வயதானவர்களுக்கு எளிது. இரண்டு கொட்டைகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால் "இதுக்கு நடுவுல ஒண்ணும் தங்கலையாம்மா?" என்று மெதுவாகக் கேட்கலாம். அழுதால் பேனாவை வைத்துவிடுங்கள்.

அட்டையும் பத்திரமும்

கணக்கில் மிகவும் கூச்சமான பகுதி என்பதால் கடைசியை ஒட்டி வைக்க வேண்டும். நீல அட்டை, நிரந்தரவாசிகளின் சிவப்பு அட்டை, தற்காலிகப் பச்சை அட்டை, ஒன்றுமே இல்லாதவர் என்று நான்கு நிலை உண்டு. நிறத்தைக் கேட்டால் போதும், "நீங்க குடிமகனா?" என்று கேட்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா, அதில் அப்பா பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பெற்றோர் திருமணப் பதிவு செய்யாததால் சிக்கிய பிள்ளைகளை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

"2011-ல மைடஃப்தார்ல எழுதிக் குடுத்தோம், ஒண்ணும் நடக்கல" என்று, பத்திரம் இல்லாத இந்தியர்களைப் பதிய நடந்த அந்த அரசாங்க இயக்கத்தைப் பற்றிச் சிலர் கோபமாகச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் வாங்கித் தருவதாகச் சொல்லாதீர்கள். மேற்கு மலேசியாவில் இந்த விவகாரத்தைப் பார்க்கும் டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா போன்ற அமைப்பின் எண்ணைத் தனித் தாளில் பெரிய இலக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். அந்த வீட்டைப் பற்றிய தகவல் உங்கள் பொதுப் பட்டியலில் இருக்கக் கூடாது.

வேலை, வருமானம், உடல்

"மாத வருமானம் எவ்வளவு?" என்றால் வரும் எண் எதற்கும் ஆகாது. கிளீனர், ஜாகா (காவலாளி), லோரி உதவியாள் என்று ஒவ்வொருவராக எடுத்து, நாள் சம்பளமா மாதச் சம்பளமா, போன வாரம் எத்தனை நாள் போனார், ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) உண்டா, சேமநிதி பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. அதற்குக் கீழே வாங்குபவர்கள் இருக்கிறார்களா என்பதுதான் பெரும்பாலான அமைப்புகளுக்கு உண்மையில் தேவையான தகவல். வீட்டில் நாசி லெமாக் கட்டி விற்பது, பூக்கட்டுவது, பிள்ளை பார்த்துக்கொள்வது எல்லாம் கேட்டால்தான் வரும். "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பவர் காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து விற்பவராக இருப்பார்.

உடல் குறையைப் பற்றி "ஊனமுற்றவர் யாராவது?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் வரும். உடல் குறையைக் கணக்கெடுப்பதற்கென்றே அமைந்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் உலகெங்கும் பயன்படுபவை: கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா, கருவி வைத்தும் கேட்கச் சிரமமா, நடக்க, படி ஏறச் சிரமமா, நினைவிலும் கவனத்திலும் சிரமமா, குளிக்க உடுத்தச் சிரமமா, தன் பேச்சு மொழியில் பேசவோ மற்றவர் பேச்சைப் புரிந்துகொள்ளவோ சிரமமா. விடை நான்கு: இல்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது. லிஃப்ட் இல்லாத நாளில் யார் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார் என்பதை மூன்றாவது கேள்வி காட்டிவிடும்.

திரும்பி வந்த பிறகு

படிகளில் இறங்கும் முன்பே தாளை ஒருமுறை பாருங்கள். மகனுக்கும் அம்மாவுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம் என்றால் திரும்பப் போய்க் கேட்க இப்போதுதான் முடியும்.

குழுத் தலைவர் ஒவ்வொரு தொண்டரின் தாள்களிலிருந்தும் சில வீடுகளை எடுத்து, வேறு ஒருவரை அனுப்பி ஐந்தாறு கேள்விகளை மட்டும் மறுபடி கேட்கச் சொல்ல வேண்டும். திட்டுவதற்காக அல்ல, எந்தக் கேள்வி ஆளுக்கு ஆள் வேறு பதில் தருகிறது என்று பார்க்க. வயதுகள் குவிகின்றனவா என்று பார்க்க விப்பிள் குறியீடு என்ற எளிய கணக்கு உண்டு. 23 முதல் 62 வரை வயதுள்ளவர்களில் 0, 5 என முடியும் வயதினரை எண்ணி ஐந்தால் பெருக்கி, அந்த வயதினரின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 100 வந்தால் குவியல் இல்லை. 500 வந்தால் எல்லாருமே 0, 5-இல்தான் இருக்கிறார்கள். சில நூறு பேருக்குக் குறைவான கணக்கில் இது கொஞ்சம் ஆடும், ஆனாலும் ஒரு தொண்டரின் தாள்களில் மட்டும் 250-ஐத் தொட்டால் அவர் அட்டையும் சாதகமும் கேட்காமல் கண்ணால் பார்த்து வயதை எழுதியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கதவு எண்ணும் வீட்டுப் பெயரும் உள்ள தாளைத் தனியாகப் பூட்டி வையுங்கள். பதில்களில் குறியீடு மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் தாளைப் படம் எடுத்து அனுப்பும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். எத்தனை மாதத்தில் கதவுப் பட்டியலை அழிப்பது என்ற தேதியையும் அன்றே எழுதிவையுங்கள்.

கணக்கு முடிந்ததும் முன்பு பேசிய அதே கோயில் தலைவரின் குரலில் இன்னொரு பதிவு போட வேண்டும்: எத்தனை வீடு பேசினது, என்ன தெரிந்தது, அடுத்து என்ன செய்யப்போகிறோம், எது நம்மால் முடியாது. ஞாயிறு பூசை முடிந்து சாப்பாடு போடும்போது மண்டபத்திலும் சொல்லுங்கள். யாராவது எழுந்து "எங்க மாடிக்கு ஒருத்தரும் வரலையே" என்பார். அவருடைய மாடி எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் அங்கே போக வேண்டும்.